ஆறு மணித்தியாலம் பொறுக்காதவர்கள்

1

இன்று காலை பல் தீட்டிக்கொண்டு நிற்கையில் கைபேசி சிணுங்கியது. ஒரு வருடத்துக்கு முன் இதே நாள் என்று சொல்லி ஒரு படத்தை எடுத்து நீட்டியது. யார் கேட்டார்கள் இதனிடம்? படத்தில் ஆறு ஆண்கள். எல்லோரும் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆட்கள், எல்லோருக்கும் ஐம்பது தாண்டிய வண்டி வயிறு. காலடியில் ஒரு கலைமான் கிடக்கிறது. நடுவில் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு, தானே பெற்று வளர்த்த பிள்ளைக்குப் பட்டம் கிடைத்ததுபோலச் சிரிப்பவன் ரெஜி. என்னோடு ஜிந்துப்பிட்டியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். ஓரத்தில் பெருவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கும் மொட்டைத் தலை நான்.

படத்துக்குள் வராத விஷயம் இரண்டு. ஒன்று, அந்த மானின் பின்பக்கம். அதை நரி தின்றிருந்தது. நல்ல பக்கம் தெரியும்படி ரெஜி திருப்பிப் போட்டு, கைபேசியை ஒரு மரக்கொப்பில் சாத்திவைத்துத்தான் எடுத்தான். மற்றது, மானை எய்த ஆள். அது என் மகள் ஷெரின். அவள் அந்த நேரம் சற்றுத் தள்ளி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்கா மெட்டில்டா போன வருடம் அந்தப் படத்துக்குக் கீழே "சுப்பர் தம்பி, எங்களுக்கு மான் வத்தல் எங்க?" என்று எழுதியிருந்தா. இன்று காலையும் அதையே எழுதியிருக்கிறா. அவவின் தொடர்மாடியில் எல்லா வீட்டுக்கும் அந்தப் படம் போயிருக்கிறதாம். கனடாவில் நான் பெரிய வேட்டைக்காரனாம். ஆகவே அக்காவுக்கும் அந்த மாடியில் உள்ளவர்களுக்கும் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

2

இங்கே ஒரு மானைக் கொல்வதற்கு வேண்டிய காகிதத்தைப் பார்த்தால் எங்கள் கொழும்புக் கோட்டைக் கந்தோரில் ஒரு கப்பலையே இறக்கிவிடலாம். நான் அங்கே கப்பல் முகவர் கந்தோரில் பதினான்கு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன், காகிதம் என்றால் எனக்குத் தெரியும். முதலில் வகுப்பு. பிறகு பரீட்சை. பிறகு லைசன்ஸ். பிறகு ஒரு மானுக்கு ஒரு சீட்டு. விழுந்த மானில் நாளும் நேரமும் குறித்துக் கட்டவேண்டும், அதோடு அந்த வருடத்துக்கான உங்கள் மான் முடிந்தது. யாருடைய காணியோ அவருடைய அனுமதி வேறு. அடிபட்ட மானைத் தேடாமல் விட்டால் குற்றம். தேடி எடுத்து இறைச்சியைப் பழுதாக விட்டாலும் குற்றம். லைசன்ஸ் இல்லாதவன் காட்டுக்குள் போய் மானைக் கலைத்துக் கொடுத்தாலும் அவனும் வேட்டையாடியதாகத்தான் கணக்கு. மானுக்கு மட்டும்தான் இவர்கள் படிவம் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நான் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தேன். ஷெரின் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அவளுக்கு அது பகிடி இல்லை. காட்டு விலங்குகளைப் பற்றி மூன்று வருடம் படித்தவள். அந்த விதிகளைக் காக்கிற வன உத்தியோகத்தர் வேலைக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகம் முடிந்து, அவளுடைய பழைய பதிவுகளைப் பார்ப்பது மட்டும் மிச்சம் இருந்தது. வேட்டை விஷயத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி விழுந்தாலும் அந்த வேலை இல்லை. இதை அவள் எனக்கு ஒரு தடவை சொல்லவில்லை, பத்துத் தடவை சொல்லியிருப்பாள். வெள்ளவத்தையில் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் கணக்காளரும் டொக்டருமாக இருக்க, இவள் மரத்துக்கு மேலே ஏறியிருந்து மானைப் பார்க்கப் போகிறாளே என்று எனக்கு எரிச்சல். ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன்.

நாங்கள் மான் சாப்பிட்ட அழகு எங்களுக்குத் தெரியாதா? கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்த காலத்தில், மாதத்தில் ஒருநாள் ஒரு மனிதர் பிஸ்கட் தகரத்தோடு மாடிப்படி ஏறுவார். மேலே பழைய பத்திரிகை, கீழே மான். "ஸ்பெஷல் இருக்கு" என்று மட்டும் சொல்வார். சட்டப்படி கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய முதல் வாடிக்கையாளர் என் அத்தான், நீதிமன்றத்தில் வேலை செய்தவர். அந்த மான் புத்தளம் பக்கத்தில் எந்தக் கம்பித் தடத்தில் மாட்டி எத்தனை நாள் துடித்தது, செத்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு ஆள் கண்டது, எந்த லொறியில் எந்த வெயிலில் வந்தது, ஒருவரும் கேட்டதில்லை. கெட்ட மணம் அடித்தால் வினாகிரியில் ஊறப்போடு, புளிக்குக் கொறக்காயை அள்ளிப் போடு, மிளகை இரட்டி. அவ்வளவுதான் எங்கள் வேட்டை தர்மம். இந்தக் கதையைச் சொன்னபோது, கண்டெடுக்கும்போது செத்து எத்தனை மணித்தியாலம் இருக்கும் என்று ஷெரின் கேட்டாள். அதையெல்லாம் கேட்டால் சாப்பிட ஏலாது மகள் என்றேன். அவள் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

3

போன ஒக்டோபர் நீண்ட வார இறுதி. ஷெரினோடு வழக்கமாக வேட்டைக்குப் போகும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முழங்கால் நோ. விழுந்த மானை இழுத்துவர ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அவள் தந்த வேலை ஒன்றே ஒன்று: காரில் சும்மா இருப்பது.

காலை எட்டு மணிபோல அவள் மரங்களுக்குள் இருந்து நடந்து வந்தாள். கையில் ஒரு அம்பு. அவளுடைய வில் கோயில் சொரூபத்தில் இருக்கிற வில் இல்லை. துவக்கு மாதிரிக் கட்டையும் விசையும் உள்ளது, அம்பு மானை ஊடறுத்து அந்தப் பக்கம் போய் மண்ணில் குத்தி நிற்கும். அந்த அம்பைத்தான் எடுத்து வந்திருந்தாள். இரத்தம் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சம் பச்சையாக, அரைத்த புல்லாக. மணந்து பார்க்கச் சொன்னாள். குடல் மணம்.

அவள் காருக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். அம்பு விடுகிற நேரத்தில் மான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டதாம், நெஞ்சுக்குப் போகவேண்டியது வயிற்றில் பட்டுவிட்டதாம். பிறகு எழும்பி, பாடம் சொல்வதுபோல ஆறுதலாக எனக்கு விளங்கப்படுத்தினாள். வயிற்றில் பட்ட மான் தூரம் போகாது. கிட்டத்தில் ஒரு மறைவில் போய்ப் படுக்கும். அதன்பாட்டில் விட்டால் படுத்த இடத்திலேயே சீவன் போகும். ஆள் வருகிற சத்தம் கேட்டால் எழும்பி ஓடும். ஒரு தடவை எழும்பினால் மைல் கட்டைக்கணக்கில் ஓடும், பிறகு இரத்தமும் சொட்டாது, ஒருவருக்கும் கிடைக்காது.

"ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக்கூடாது டடா. ஆறு மணித்தியாலம்."

அந்தச் சீவன் ஆறு மணித்தியாலம் துடிக்க நாங்கள் காரில் இருந்து கோப்பி குடிப்பதா, பாவமில்லையா என்று கேட்டேன். இறைச்சியும் பழுதாகிவிடுமே என்றேன். இரண்டாவதுதான் எனக்கு முதலாவது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பாவம்தான். என்ட பிழைதான். ஆனா இப்ப போனா அதைவிடப் பாவம்."

மான் படுத்திருக்கக்கூடிய பற்றைக்கு அப்பால் ஒரு வேலி. வேலிக்கு அங்கால் வேறொருவரின் சதுப்புக் காணி. உள்ளே வரவேண்டாம் என்று பலகை அறைந்திருந்தது. மான் அந்தப் பக்கம் போனாலும் முறையாகப் போய் எடுக்கவேண்டும் என்று, அந்தக் காணிக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கத் தெருவழியே நடந்து போனாள். போகும்போது, இறங்கவேண்டாம், சத்தம் போடவேண்டாம் என்று கைவிரல் காட்டிவிட்டுப் போனாள். நேரம் ஒன்பதேகால்.

ஆறு மணித்தியாலம்! கொட்டாஞ்சேனையில் பிறந்த ஒருவனை ஆறு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லிப் பாருங்கள். நான் இருபது நிமிடம் இருந்தேன். அதுவே என் வாழ்க்கையில் பெரிய சாதனை. பிறகு ரெஜிக்குக் கோல் எடுத்தேன். அவனும் இன்னும் நாலு பேரும் அந்த வார இறுதிக்குக் கிட்டத்து ஏரிக்கரையில் ஒரு வீடு எடுத்து, சீட்டுக்கட்டை விரித்து முந்நூற்றிநாலு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஷெரின் மானுக்கு அடித்துவிட்டாள், மானைக் காணவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். இடத்தைக் கேட்டான், அதையும் சொன்னேன். வரச்சொல்லவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனைக்காரனிடம் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா என்ன?

4

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஏதாவது நடந்தால் எல்லா வீடும் இறங்கும். பிள்ளைப்பேறு, பாம்பு, கள்ளன், அடுப்பில் தீ, எதுவாக இருந்தாலும் முதலில் இறங்குவது, பிறகுதான் என்னவென்று கேட்பது. இதைப் பற்றி நாங்கள் வெளிநாட்டில் கண்ணீர் விட்டுப் பேசுவோம். இங்கே பக்கத்து வீட்டில் செத்தாலும் தெரியாது, அங்கே பார் எப்படி ஓடி வருவார்கள் என்று. எப்படி ஓடி வருவார்கள் என்று நானே ஒன்று சொல்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், முனைவீட்டு ஹாஜியார் வாங்கிக் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அறுத்ததும் எங்கும் ஓடவில்லை. ஒழுங்கை வாயிலில் நின்று யாரோ கொட்டிய மரக்கறிக் குப்பையை மென்றுகொண்டு நின்றது. விடுங்கோ, அது தானாக வரும் என்று ஹாஜியார் கையெடுத்துக் கும்பிடாத குறை. யார் கேட்டது? இருபது பேர் இறங்கினோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தடி, கயிறு, கூச்சல். மாடு மட்டக்குளி வரைக்கும் ஓடியது. அங்கே ஒரு பஸ்ஸுக்கு முன்னால் விழுந்து காலை முறித்துக்கொண்டது. கால் முறிந்த மாட்டைக் குர்பான் கொடுக்கக் கூடாது. அந்த மனிதர் வருடம் முழுக்கச் சேர்த்து வாங்கிய மாடு. அன்று பின்னேரம் நாங்கள் இருபது பேரும், எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த மாட்டைப் பிடித்தோம் என்று சந்தியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

ரெஜி கோஷ்டி பத்துமணி ஆகமுதல் வந்துவிட்டது. ஐந்து பேர். ஒருவன் சாரத்துக்கு மேலே குளிர் ஜக்கெட். ரெஜி இறப்பர்ச் செருப்பு. கதவைப் படார் படார் என்று சாத்திக்கொண்டு இறங்கினார்கள். நான் மறிக்கவில்லை. ஷெரின் பொறுக்கச் சொன்னாள் என்று வாய்க்குள் ஏதோ முனகினேன். பிள்ளை சின்னப் பிள்ளை, மான் செத்துக் கிடக்கும், அவள் வரமுதல் இழுத்துக்கொண்டு வந்து வைப்போம், சந்தோஷப்படுவாள் என்றான் ரெஜி. எனக்கும் அது நல்லதாகப் பட்டது. முன்னால் நடந்தவன் நான்.

நூறு எட்டு வைத்திருக்கமாட்டோம். பற்றைக்குப் பின்னால் புல்லுக்குள் அது படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. நான் நின்றுவிட்டேன், ஆனால் பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. அந்தா அந்தா என்று ஐந்து பேரும் கத்தினார்கள். முதுகு கூனி, பின்காலை இழுத்து எழும்பி, அது வேலியைப் பாய்ந்தது. பாய்ந்தபோது அது போட்ட சத்தத்தை நான் எழுதமாட்டேன். இவர்களும் பலகையைத் தாண்டி வேலிக்குள்ளால் புகுந்து சதுப்புக்குள் கலைத்துக்கொண்டு போனார்கள்.

காணிக்காரர் வீட்டில் இல்லையென்று ஷெரின் திரும்பி வந்தபோது நான் வேலியடியில் தனியே நின்றேன். சதுப்புக்குள் இருந்து கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரையும் வெளியே வரச்சொல்லுங்கோ டடா என்றாள், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. இருந்த இரத்தத்தையும் கழுவிவிட்டது.

5

அன்று பின்னேரம் காணிக்காரர் வந்தார். அவளுக்குத் தேட அனுமதி தந்தார், ஆனால் பக்கத்துக் காணிக்காரர் சொல்லியிருந்தார், காலையில் இந்தச் சதுப்புக்குள் ஐந்தாறு பேர் கத்திக்கொண்டு திரிந்ததாக. அது யார் என்று தெரியவேண்டும் என்று வன உத்தியோகத்தருக்குச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அவள் இருட்டும் வரை தேடினாள். அடுத்த நாள் விடியவும் தேடினாள். நானும் பின்னால் திரிந்தேன்.

தேடத் தொடங்குவதற்கு முன் என்னை அந்தப் பற்றைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புல் வட்டமாக அமுங்கியிருந்தது, நடுவில் கறுத்து உறைந்த இரத்தம், மழைக்கும் முழுக்கப் போகவில்லை. அது இங்கே படுத்தது, இங்கேயே செத்திருக்கும் என்றாள். காரில் இருந்து பார்த்தால் தெரியும் தூரம். அந்த இடத்தில் நின்றபோது என்னையே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் மதியம் காகங்கள் இறங்கிய இடத்தில் மான் கிடந்தது, சதுப்பின் அந்தக் கரையில். பின்பக்கத்தை நரி தின்றிருந்தது. வயிறு ஊதி, கிட்டப் போகமுடியாத மணம். எப்போது செத்ததோ, இரவு எந்த நேரத்திலோ. ரெஜி ஆட்களும் வந்திருந்தார்கள், மானைக் கண்டுபிடித்த பெருமையில் பங்கு வாங்க. அப்போதுதான் அந்தப் படம் எடுத்தது. பெருவிரலை உயர்த்து மச்சான் பெனி என்றார்கள், உயர்த்தினேன்.

ஷெரின் சீட்டை எடுத்து நாளும் நேரமும் எழுதினாள். ரெஜி பதறிப்போனான். இந்த ஊத்தைக்கு ஏன் சீட்டைப் பாழாக்குகிறாய், இதை இங்கேயே விட்டுவிட்டு வேறு நல்லதாக ஒன்று அடி, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொம்பில் சீட்டைக் கட்டினாள். இந்த வருடத்து என்ட மான் இதுதான் என்று மட்டும் சொன்னாள். முன்தொடையில் பழுதாகாத துண்டு ஏதும் இருக்குமா என்று கத்தியை எடுத்து வெட்டிப் பார்த்தாள். இருக்கவில்லை.

வன உத்தியோகத்தர் வந்தார். அவளுடைய வயதுதான் இருக்கும். அவள் விண்ணப்பித்த வேலைக்குரிய அதே உடுப்பு. சீட்டைப் பார்த்தார், லைசன்ஸைப் பார்த்தார், சரி என்றார். பிறகு எங்கள் ஆறு பேரையும் வரிசையாகப் பார்த்து, இவர்களில் யாருக்கு லைசன்ஸ் என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை. நேற்றுக் காலை அனுமதியில்லாமல் இந்தக் காணிக்குள் இவர்களை மானைத் தேட அனுப்பியது யார் என்று கேட்டார்.

ரெஜி என் முழங்கையில் மெல்ல இடித்தான்; அவர்களில் ஒருவனுடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் கிடந்தது, எனக்குத் தெரியும். கொழும்பில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கினால், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவன் எல்லாருக்குமாகக் கதைப்பான், மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எத்தனை தடவை அப்படி நின்றிருக்கிறோம். சீருடையைக் கண்டால் வாய் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று இப்போது சொல்லலாம். சொல்லிச் சொல்லி ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் கொழும்பில் அந்தக் கதைக்கிற ஆள் எப்போதும் நான்தான். அங்கே துவக்குக்கு முன்னால் கதைத்தவனுக்கு இங்கே ஒரு பேனைக்கு முன்னால் என்ன பயம்?

ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் என் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றாள் அவரிடம். "நான்தான் அவசரப்பட்டு அனுப்பினேன். அவர்களுக்கு விதி தெரியாது."

வேட்டைக்காரி நீ, வயிற்றில் பட்ட மானுக்குப் பொறுக்கவேண்டும் என்று உனக்குத் தெரியாதா என்று அவர் கேட்டார். தெரியும் என்றாள். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு, தெரியும், என் பிழை என்றாள். அவர் அவளுடைய பெயரில் குற்றச்சீட்டு எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரும் வழியில் ரெஜி, தங்கமான பிள்ளை மச்சான், எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுக்கவில்லை பார் என்று என் முதுகில் தட்டினான்.

6

விண்ணப்பித்த இடத்துக்கு அவள் தானே கடிதம் எழுதி அந்தக் குற்றச்சீட்டை அறிவித்தாள். மறைத்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம் என்று நான் சொன்னேன். நான் வேறு என்ன சொல்வேன்? இரண்டு கிழமையில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். இப்போது அவள் ஒரு மிருக வைத்தியசாலையில் நாய்களுக்கு நகம் வெட்டுகிறாள். மூன்று வருடத்துக்குப் பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாமாம்.

ரெஜி ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அந்தக் கதையைச் சொல்கிறான். அவன் கதையில் மான் சதுப்பைத் தாண்டி ஓடுகிறது, இவர்கள் ஐந்து பேரும் உயிரைக் கொடுத்துத் தேடிப் பிடிக்கிறார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் இருப்பேன், சோடாவைக் குடித்துக்கொண்டு. எங்களைப்போல ஒற்றுமையான சனம் உலகத்தில் இல்லை என்று கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்.

ஷெரின் என்னோடு கோபமில்லை. சாப்பாடு பரிமாறுவாள், மாத்திரை எடுத்தீங்களா என்று கேட்பாள். இந்த வருடம் வேட்டைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவோடு போனாள். எனக்குச் சொல்லவில்லை, வந்தபிறகுதான் தெரிந்தது. போன கிழமை அவள் குசினியில் தனியே நின்றபோது, ஒரு வருடம் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஏன் மகள் பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய் என்று.

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

"உடன சொல்லேல்லை டடா. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். ஏலுமான வரைக்கும் பொறுத்தனான்."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.